விதான சௌதாவில் எத்தனை பெண்கள்?

பெங்களூரில் வந்து குடியேறி முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆனாலும் நம்மவர் வீடுகளில் அரசியல் பேச்சு என்றால் அது சென்னைக் கோட்டைப் பேச்சுதான். ஜெயலலிதா எந்த ஆண்டு எந்தத் தொகுதியில் நின்றார், யாரைத் தோற்கடித்தார் என்று விரல் விட்டுச் சொல்லும் பெரியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். தாங்கள் வாக்களிக்கும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். நம் தெருவுக்குக் காவிரி நீர் வருவதும் வராததும், நம் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும், நாம் ஏறும் பேருந்தின் கட்டணமும் தீர்மானமாவது கோட்டையில் அல்ல. கப்பன் பூங்காவுக்கு எதிரே 1956இல் கெங்கல் ஹனுமந்தையா கட்டி முடித்த அந்தக் கருங்கல் மாளிகையில்தான். அதன் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நமக்கும் உரிய கவலை. அதிலும் நம் வீட்டுப் பெண்களுக்கு மிகவும் உரிய கவலை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம் நடந்த தேர்தலில் கர்நாடகச் சட்டப் பேரவையின் 224 இடங்களில் பெண்கள் வென்றவை 10. நூற்றுக்கு நாலரை. 2024 நவம்பரில் சண்டூர் இடைத்தேர்தலில் அன்னபூர்ணா வென்றபோது அது 11 ஆயிற்று. ஐந்து கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களில் ஏறத்தாழச் சரிபாதிப் பேர் பெண்கள். பெங்களூர் நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் மோசம். 28 தொகுதிகளில் பெண் வென்றது ஒன்றே ஒன்றில், மகாதேவபுராவில். கணினியும் கல்வியும் பெருகிய ஊர், வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த ஊர் என்று நாம் பெருமை பேசும் ஊரின் நிலை இது.

"எங்கள் தமிழ்நாட்டைப் பாருங்கள்" என்று யாரும் மார்தட்ட வேண்டாம். 2021 தேர்தலில் அங்கே 234 இடங்களில் பெண்கள் பெற்றவை 12. ஒரு பெண் பல முறை முதல்வராக இருந்த மாநிலத்தின் கணக்கு அது. உச்சியில் ஒரு பெண் இருப்பதும், உறுப்பினர் இருக்கைகளில் பல பெண்கள் இருப்பதும் வேறு வேறு செய்திகள் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்தக் கதை ஆரம்பித்தபோது கன்னட நாட்டுக்கும் தமிழ் நாட்டுக்கும் அதில் சம பங்கு இருந்தது. 1926இல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குப் பெண்களும் போட்டியிடலாம் என்று விதி தளர்ந்தபோது, முதலில் துணிந்து நின்றவர் மங்களூரில் பிறந்த கமலாதேவி சட்டோபாத்தியாயா. மங்களூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. மார்கரெட் கசின்ஸ் அம்மையார் தூண்டி நிறுத்தினார். கமலாதேவிக்கு வயது இருபத்து மூன்று. மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றார். தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து 2023இல் பெங்களூர் ஜயநகரில் சௌமியா ரெட்டி என்ற பெண் 16 வாக்குகளில் தோற்றார். முதலில் அவர் வென்றதாகவே செய்தி வந்தது; மறு எண்ணிக்கைகள் நடந்து நள்ளிரவுக்கு அருகில் முடிவு மாறியது. பதினாறு வாக்கு என்பது எவ்வளவு? அன்று "ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது" என்று வெயிலுக்குப் பயந்து வீட்டில் இருந்த நான்கைந்து குடும்பங்கள். ஜயநகரிலும் நம்மவர் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்வது என் வேலையல்ல. வாக்களித்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

கமலாதேவி தோற்ற அடுத்த ஆண்டு, 1927இல், புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அந்த மேலவைக்கு நியமன உறுப்பினராக வந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு இதற்குப் போக வேண்டுமா என்று முதலில் தயங்கினார். போன பிறகு தயக்கம் இல்லை. அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். அத்தனை ஆண்கள் அமர்ந்த மன்றத்தில், "உட்காருங்கள்" என்று சொல்லும் நாற்காலியில் ஒரு பெண்.

அவர் பேசியவை எவை என்று பார்த்தால்தான் ஒரு பெண் அந்த மன்றத்தில் இருப்பதன் பொருள் விளங்கும். பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும், பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும், கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். அதுவரை அங்கே அமர்ந்திருந்த ஆண்கள் கெட்டவர்கள் அல்லர். பெரிய வழக்கறிஞர்கள், நிலக்கிழார்கள், தேசபக்தர்கள். ஆனால் இவை அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியவர்களுக்கும் அவசரமாகப் படவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தைப் பற்றி அவர் பேசியபோது, கலை அழிந்துவிடும், தர்மம் கெட்டுவிடும் என்று எதிர்ப்பு வந்தது. அந்தப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் எதிர்த்து மனுப் போட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு. அம்மையாரின் தாயாரும் அந்த மரபில் பிறந்தவர். ஏட்டில் படித்து வந்த இரக்கம் அல்ல அவருடையது.

1929இல் தேவதாசிகளின் மானிய நிலங்களை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. முழுத் தடைக்கான மசோதாவை 1930இல் அவர் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தியடிகள் சிறை செய்யப்பட்டதைக் கண்டித்து உறுப்பினர் பதவியைத் துறந்தார். முழுத் தடைச் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1947இல். கேட்க ஆள் இல்லாத மசோதா பதினேழு ஆண்டுகள் காத்துக் கிடந்தது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளை எண்ணிப் பார்த்தால், அவையில் ஓர் இருக்கை காலியாவதற்கு என்ன விலை என்று புரியும். மைசூர் சமஸ்தானத்தில் 1909இலேயே அரசுக் கோயில்களில் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது என்பதும், அப்படியிருந்தும் கர்நாடகத்தில் 1982இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதும் தனிக்கதை.

மூன்றாண்டு அனுபவத்தை அம்மையார் ஆங்கிலத்தில் ஒரு நூலாகவே எழுதி 1930இல் வெளியிட்டார். சட்டமன்ற உறுப்பினராகத் தம் அனுபவங்கள் என்பதுதான் அதன் தலைப்பே. இந்த நாட்டில் பெண் ஒருவர் அந்தப் பொருளில் எழுதிய முன்னோடி நூல் அது. நம் இளம்பெண்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி இந்த மாநிலத்துக்கு வருவோம். ஊட்டிக்குப் போகும் வழியில் நாம் காபிக்கு வண்டியை நிறுத்துகிறோமே குண்டுலுப்பேட்டை, அந்தத் தொகுதியிலிருந்து ஏழு முறை வென்றவர் கே.எஸ். நாகரத்தினம்மா. 1972 முதல் 1978 வரை கர்நாடகப் பேரவையின் தலைவராக இருந்தார். தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருந்த காலம். நிலச் சீர்திருத்தத் திருத்தம் அவையில் காரசாரமாக விவாதிக்கப்பட்ட காலம். மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1ஆம் நாள் கர்நாடகம் என்று பெயர் பெற்றபோது பேரவைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஒரு பெண். கன்னடர்களிலேயே பலருக்கு இது நினைவில்லை. 1978க்குப் பிறகு, 2023இல் யு.டி. காதர் அந்த நாற்காலியில் அமர்ந்தது வரை, இன்னொரு பெண் அதில் அமரவில்லை.

உள்ளே போன பெண்களுக்கு அங்கே என்ன அனுபவம்? சில நாள்களை மட்டும் சொல்கிறேன். 2012 பிப்ரவரியில், அவை நடந்துகொண்டிருக்கும்போதே கைப்பேசியில் ஆபாசப் படம் பார்த்ததாகத் தொலைக்காட்சியில் காட்சி வெளியாகி மூன்று அமைச்சர்கள் பதவி விலகினார்கள். 2021 டிசம்பர் 16 அன்று பெலகாவி கூட்டத் தொடரில், பேச நேரம் ஒதுக்கும் தகராறில், பேரவையின் முன்னாள் தலைவர் கே.ஆர். ரமேஷ் குமார் பெண்ணுக்கு நேரும் பலாத்காரத்தை வைத்து ஒரு வேடிக்கைப் 'பழமொழி' சொன்னார். அவை சிரித்தது. தலைவர் நாற்காலியில் இருந்தவரும் சிரித்தார். மறுநாள் ரமேஷ் குமார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அஞ்சலி நிம்பால்கர் முதலிய பெண் உறுப்பினர்கள் எழுந்து, இதைப் பற்றிப் பேச எங்களுக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டாயிற்று, இனி இழுக்க வேண்டாம் என்று அவைத் தலைவர் முடித்துவிட்டார். சொன்னவரும் அவர் கட்சிப் பெண்களும் ஒரே கட்சியினர் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்கள் தம் கட்சியின் மூத்தவரை எதிர்த்தே எழுந்து நின்றார்கள்.

என்னை உறுத்துவது அந்தப் பேச்சைவிட அந்தச் சிரிப்பு. அவையில் பாதிப் பேர், வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு எழுந்திருக்குமா? சொன்னவருக்கே நாக்கு எழுந்திருக்காது. விரல்விட்டு எண்ணும் பெண்கள் அங்கும் இங்கும் சிதறி உட்கார்ந்திருந்தால், இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். நம் வீட்டு விருந்துகளில் ஆண்கள் கூடம் முழுக்க உட்கார்ந்து பேசும்போது, பரிமாற வரும் பெண்ணின் காதில் எது விழுகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

2024 டிசம்பர் 19 அன்று அதே பெலகாவியில், மேலவையில், அமைச்சர் லட்சுமி ஹெப்பால்கர் தம்மை சி.டி. ரவி இழிசொல்லால் அழைத்ததாகப் புகார் செய்தார். தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்று ரவி மறுத்தார். அன்று மாலையே அவர் கைதானதும், மறுநாள் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் விடுதலையானதும் பத்திரிகைகளில் வந்தவை. உண்மை எது என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் பாடு. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தக் கூட்டத் தொடரில் வட கர்நாடகத்தின் பாசனத்தைப் பற்றியோ பள்ளிகளைப் பற்றியோ என்ன பேசினார்கள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் வீடு வீடாகப் போயிற்று.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று, வரவு செலவுத் திட்டம் படிக்கப்பட்ட நாளில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா கலைந்த தலையும் குலைந்த சேலையுமாக அவையை விட்டு வெளியே வந்தது நம்மில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. உள்ளே நடந்ததை இரண்டு கட்சியாரும் இரண்டு விதமாகத்தான் இன்றும் சொல்வார்கள். அவர் மேல்கோட்டையில் பிறந்து பெங்களூரிலும் பள்ளியில் படித்தவர் என்பதால் நமக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை. 1991இல் முதல்வராகத் திரும்பி வந்தார். எல்லாப் பெண்களுக்கும் அப்படித் திரும்பி வரும் வலு இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

அமைச்சர் பதவியிலும் ஒரு விசித்திரம். 2013இல் உமாஸ்ரீ, 2018இல் ஜயமாலா, 2019இல் சசிகலா ஜொல்லே, 2023இல் லட்சுமி ஹெப்பால்கர். கட்சி மாறியது, முதல்வர் மாறினார். பெண்ணுக்கு முதலில் தரப்பட்ட இலாகா மட்டும் மாறவில்லை. பெண்கள் மற்றும் குழந்தைகள் நலம். 2023இல் பதவியேற்ற அமைச்சரவையில் பெண் ஒருவர்தான். ஊரக வளர்ச்சியும் பின்னர் மின்சாரமும் பார்த்த சோபா கரந்தலாஜே போன்றவர்கள் விதிவிலக்கு. அவரும் 2009இல் ஆளுங்கட்சியின் உட்பூசலுக்கு விலையாகப் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, அடுத்த ஆண்டு திரும்பவும் சேர்க்கப்பட்டார். குழந்தைகள் நலம் சிறிய இலாகா என்று நான் சொல்லவில்லை. அங்கன்வாடி ஊழியரைக் கேட்டால் எவ்வளவு பெரியது என்று சொல்வார். நிதி, நீர்ப்பாசனம், உள்துறை என்று பட்டியல் வாசிக்கும்போது ஒரு பெண் பெயரும் வராதது ஏன் என்றுதான் கேட்கிறேன். மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கை யார் கையில் கொடுக்கிறீர்கள்?

"வருகிற பெண்கள் எல்லாம் யாரோ ஒருவரின் மனைவி, யாரோ ஒருவரின் மகள்" என்று ஒரு பேச்சு உண்டு. 2023இல் வென்ற பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் அந்தப் பேச்சு பாதி உண்மை. கே.ஜி.எப். ரூபகலா கே.எச். முனியப்பாவின் மகள். முடிகெரே நயனா, மோட்டம்மாவின் மகள். ஹரப்பனஹள்ளி லதா, எம்.பி. பிரகாஷின் மகள். குல்பர்கா வடக்கின் கனீஸ் பாத்திமா, மறைந்த கமருல் இஸ்லாமின் மனைவி. மகாதேவபுரா மஞ்சுளா, அரவிந்த் லிம்பாவளியின் மனைவி; கணவருக்கு மறுக்கப்பட்ட இடத்தில் நின்றவர். ஆக ஐந்து பேர். ஆனால் அதே பட்டியலில் சுள்ளியாவின் பாகீரதி முருல்யாவும் இருக்கிறார். கட்சித் தொண்டும் உள்ளாட்சியும் வழியாகப் படிப்படியாக வந்தவர். குடும்ப வழியைக் கேலி செய்பவர்கள், ஆண்களில் எத்தனை பேர் அப்பா பெயரில் வந்தார்கள் என்று இந்த மாநிலத்தின் முதல்வர் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டுக் கேலி செய்யட்டும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அப்பாவும் கணவனும் அரசியலில் இல்லாத பெண் எந்தப் படியில் ஏறி அங்கே போவாள்?

அந்தப் படியைக் கட்டிய பெருமை கர்நாடகத்துக்கு உண்டு. ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வராகவும் அப்துல் நஸீர் சாப் பஞ்சாயத்து அமைச்சராகவும் இருந்தபோது, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் பஞ்சாயத்துகளில் பெண்களுக்குக் கால் பங்கு இடம் ஒதுக்கினார்கள். 1987இல் தேர்தல் நடந்தது. நாடு முழுமைக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது 1993இல். அதற்கு முன்பே இங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் பஞ்சாயத்தில் உட்கார்ந்து வரவு செலவு பார்த்தாயிற்று. 2010இல் அதுவே பாதியாக உயர்ந்தது. பெண்களுக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவை 1996 செப்டம்பர் 12 அன்று நாடாளுமன்றத்தில் முதன்முதலில் கொண்டுவந்ததும் இந்த மண்ணிலிருந்து போன பிரதமர் தேவ கௌடாவின் அரசுதான்.

அப்படியென்றால் கீழ்ப்படியில் முப்பது ஆண்டுக்கு மேலாகப் பழகிய பெண்கள் மேலே ஏறியிருக்க வேண்டுமே? ஏறவில்லை. பெங்களூர் மாநகராட்சியையே பார்க்கலாம். சாரதம்மா, சாந்தகுமாரி, பத்மாவதி, கங்காம்பிகே என்று 2011க்கும் 2019க்கும் இடையில் நான்கு பெண் மேயர்கள். 2023 பேரவையில் அவர்களில் ஒருவரும் இல்லை. பத்மாவதிக்கு மட்டும் 2018இல் ராஜாஜிநகரில் வாய்ப்புக் கிடைத்து, தோற்றார். ஜயநகரில் அந்தப் பதினாறு வாக்கில் வென்ற சி.கே. ராமமூர்த்தி ஒரு முன்னாள் கார்ப்பரேட்டர். ஆணுக்கு வார்டு ஒரு படி. பெண்ணுக்கு வார்டே மாடி. அடுத்த தேர்தலில் ஒதுக்கீடு சுழன்று பொது வார்டாகிவிட்டால், "போதும் அம்மா, வீட்டைப் பாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

எங்கள் வார்டில் அப்படி ஒரு பெண் இருந்தார். பெயர் வேண்டாம். முதல் ஆண்டு அவருடைய கைப்பேசியில் அழைத்தால் கணவர்தான் எடுப்பார். "மேடம் மீட்டிங்கில் இருக்காங்க" என்பார். மேடம் சமையலறையில் இருப்பார். பலகையில் அவர் படத்தைவிடக் கணவர் படம் பெரிது. மூன்றாம் ஆண்டு ஒரு கோடையில் எங்கள் பகுதிக்குப் பத்து நாள் தண்ணீர் வரவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு அந்த அம்மா வால்வைத் திறக்கும் ஆளோடு தெருமுனையில் நின்று, எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கன்னடம், தமிழ், தெலுங்கு என்று யார் எந்த மொழியில் சண்டைக்கு வந்தாலும் அதே மொழியில் பதில் சொன்னார். ஒரு மாதத்தில் தெருக்களின் முறை சீரானது. அதன் பிறகு கைப்பேசியை அவரேதான் எடுத்தார். இதைப் படிக்கும் பலருக்கும் தங்கள் வார்டில் இப்படி ஒருவர் நினைவுக்கு வரக்கூடும்.

அந்த மாநகராட்சி மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பின் ஐந்து ஆண்டுகள் இந்த மாநகரத்துக்குத் தேர்தல் இல்லை, அதிகாரிகளே ஆண்டார்கள். 2025இல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். சாலைக் குழி, குப்பை என்று இதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நான் சொல்ல வருவது யாரும் பேசாத ஒன்றை. 198 வார்டுகளில் பாதி பெண்களுக்குரியவை. ஐந்து ஆண்டுகள் தேர்தல் இல்லை என்றால், ஏறத்தாழ நூறு பெண்கள் கற்றிருக்க வேண்டிய பாடத்தைக் கற்கவில்லை. எம்.எல்.ஏ.க்கள் யாரும் இதற்காகப் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. வார்டில் ஓர் ஆள் வளர்ந்தால் நாளைக்குத் தமக்குப் போட்டி என்பது அவர்களுக்குத் தெரியாதா?

பெண்களின் வாக்கு வேண்டும் என்பதில் எந்தக் கட்சிக்கும் குறைவில்லை. 2023 ஜூன் 11 முதல் இந்த மாநிலத்தில் அரசுப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசமானது. அதே ஆண்டு குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் திட்டமும் வந்தது. வீட்டு வேலைக்குப் போகும் நம் தாய்மார்கள் பலருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அறிவேன். குறை சொல்ல மாட்டேன். பேருந்தில் டிக்கெட் இலவசமாகக் கிடைக்கிறது, தேர்தலில்தான் பணம் கொடுத்தாலும் கிடைக்கவில்லை என்று ஒரு கட்சித் தொண்டர் அம்மாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் இருபது ஆண்டுகளாகக் கொடி கட்டுகிறவர். 2023 தேர்தலில் நின்ற 2,600க்கு மேற்பட்ட வேட்பாளர்களில் பெண்கள் இருநூறுக்கும் குறைவு.

2023 செப்டம்பரில் மக்களவையும் பேரவைகளும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் 106ஆவது திருத்தம் நிறைவேறியது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். 1996இல் பிறந்த பெண் குழந்தைக்கு அப்போதே இருபத்தேழு வயது. பேரவைக்கு நிற்க வேண்டிய இருபத்தைந்தைத் தாண்டிவிட்டாள்.

224இல் மூன்றில் ஒரு பங்கு என்றால் சுமார் 75. பத்து எங்கே, எழுபத்தைந்து எங்கே! அந்த நாளில் கட்சிகள் எழுபத்தைந்து பெண்களை எங்கே தேடும்? வார்டிலும் பஞ்சாயத்திலும் பழகியவர்களை மேலே ஏற்றி வைத்திருந்தால் அங்கே தேடும். இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்கும் எம்.எல்.ஏ.யின் சமையலறையில் தேடும். அதனால்தான் மாநகராட்சித் தேர்தலை நான் பெரிய விஷயமாகச் சொல்கிறேன்.

நம்மவர் இதில் எங்கே இருக்கிறோம்? கோலார் தங்க வயலைப் பாருங்கள். தமிழர் பெருமளவில் வாழும் தொகுதி. எழுபது, எண்பதுகளில் சுரங்கம் ஓடிய காலத்தில் அங்கே தொழிற்சங்கத் தலைவர்களும் திராவிடக் கட்சியாரும் குடியரசுக் கட்சியாரும் போட்டியிட்டார்கள், எல்லோரும் ஆண்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியது. ஆண்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்பலானார்கள். தண்ணீர்க் குடம், ரேஷன், பள்ளி, குடியிருப்பு வீட்டின் பட்டா என்று ஊர்க் காரியம் முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. 2013இல் ஒய். ராமக்கா, 2018இலும் 2023இலும் ரூபகலா என்று அந்தத் தொகுதி மூன்று முறை தொடர்ந்து பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை; வென்ற இருவரும் அரசியல் குடும்பத்தவர். ஆனாலும் பெண்ணுக்கு யார் வாக்களிப்பார் என்று கேட்கும் கட்சிக்காரர்களை ஒருநாள் அந்த ரயிலில் ஏற்றி அனுப்பலாம்.

நம் பெண்களைப் பொறியியல் படிக்க வைக்கிறோம், அமெரிக்கா அனுப்புகிறோம், நள்ளிரவுப் பணிக்கும் அனுப்புகிறோம். "வார்டு தேர்தலில் நிற்கட்டுமா அப்பா?" என்று அவள் கேட்டால் மட்டும் வீடு கிடுகிடுக்கும். வெளி மாநிலத்தில் நமக்கு எதற்கு வம்பு, மொழிப் பிரச்சினை வரும், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று பத்துக் காரணம் வரும். 1991இன் கசப்பை அனுபவித்த தலைமுறைக்கு அந்த அச்சம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இங்கே பிறந்த பெண், கன்னடத்தைப் பள்ளியில் முதல் மதிப்பெண்ணோடு படித்தவள், அக்கம்பக்கத்தாருக்கு அலுவலகப் படிவமெல்லாம் நிரப்பிக் கொடுப்பவள். அவளுக்கு இது வெளி மாநிலமா என்று அவளையே கேட்டுப் பாருங்கள்.

வார்டுகளின் எல்லையும் ஒதுக்கீடும் மாறும்போது வாக்காளர் பட்டியலில் பெயர்கள் ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குத் தாவுவதும், வீடு மாறிய குடும்பங்களின் பெயர் விட்டுப்போவதும் வழக்கம். திருமணமாகிப் புது வீடு வந்த மருமகள்களின் பெயர்தான் அதிகம் விடுபடும். பட்டியல் வெளியானவுடன் முதலில் அதைப் பாருங்கள்.